முதற் பயணி

வானூர்தி அம்புலன்ஸில் முதன்முதலாகப் பறக்கவிருந்த நோயாளிக்கு அன்று காலை ஒரு நோயும் இல்லை.

அவர் அகில இலங்கை சமாதான நீதவான் என்ற கௌரவப் பட்டம் கொண்ட அல்ஹாஜ் முத்தலிபு. வரவேற்புக் குழுவின் தலைவரும் அவரே. நோயாளியை எப்படி ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவது என்று பிரதம விருந்தினருக்குச் செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றதும் கூட்டத்தில் உயர்ந்த முதற் கை அவருடையது. இரண்டாவது கை உயர அவர் இடங்கொடுக்கவில்லை. பள்ளிவாசல்துறை விளையாட்டுத் திடலில் நட்ட கல்லில், பிரதம விருந்தினரின் பெயருக்குக் கீழே, 'முதற் பயணி' என்று அவர் பெயரையும் வெட்டியாகிவிட்டது. கொழும்பில் இறங்கியதும் சாப்பிட வீட்டில் கட்டிக்கொடுத்த புரியாணிப் பார்சல் ஒட்சிசன் சிலிண்டருக்குப் பக்கத்தில் கமகமத்தது.

அந்தச் சேவையில் நோயாளிகளைத் திடலில் ஏற்றிவிட நியமனமான தாதி சிபானாதான் அவரைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்துப் பட்டிகளைப் பூட்டினாள். ஹெலிகொப்டர் வந்து தோரணத்தில் பாதியைக் கடலுக்கு அனுப்பிவிட்டு இறங்கியது. பிரதம விருந்தினர் மட்டும் வரவில்லை. வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தைத் திறந்துகொண்டிருக்கிறாராம்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரி வேன் திடலுக்குள் நுழைந்தது. உள்ளே உச்சமுனை மீனவர் லோறன்ஸ். வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைப் படகில் கொண்டுவந்திருந்தார்கள். இதயக் குழாயில் அடைப்பு, கொழும்பில்தான் எடுக்கலாம், தரைவழியில் போனால் தாங்கமாட்டார் என்று டொக்டர் எழுதி அனுப்பியிருந்தார். சிபானா லோறன்ஸின் கையைத் தொட்டாள். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டதுபோல் இருந்தது.

ஹெலிகொப்டரில் ஏறும் கட்டில் ஒன்றே ஒன்று. அதில் சமாதான நீதவான்.

"ஹாஜியார், எழும்புங்க. உண்மையான நோயாளி வந்திட்டார்."

முத்தலிபு ஒட்சிசன் மூடியை மூக்கிலிருந்து சற்றே தூக்கினார். "அவர வேனிலயே அனுப்புங்க மிஸ். ரோட்டு இப்ப நல்லம். நான்தானே கதைச்சுப் போடவெச்ச."

"அந்த ரோட்டில போனா ஆள் மிஞ்சமாட்டார்."

"பிரதம விருந்தினர் வந்து கட்டில்ல நான் இல்லாட்டி மாவட்டத்துக்கே வெட்கம். கல்லிலயும் வெட்டியாச்சு."

லோறன்ஸின் மனைவி றோசமேரி, "ஐயா, உங்கட காலப் பிடிக்கிறன்" என்று காலைப் பிடித்தாள். கால் பட்டிக்குள் பத்திரமாக இருந்தது, அசையவில்லை.

சிபானா வேனைப் பார்த்தாள். லோறன்ஸின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. சண்டை பிடித்தால் இந்த மனிதர் இன்னும் இறுக்கமாகப் படுப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சரி ஹாஜியார், நீங்களே போங்க" என்றாள்.

முத்தலிபு கண்ணை மூடி நோயாளியானார்.

சிபானா பையைத் திறந்தாள். "மேல போனா ஆடும், அங்க வெச்சு ஒண்டும் செய்ய ஏலா. ஊசி, குழாய் எல்லாம் கீழயே போட்டுட்டுத்தான் ஏத்துற. அதுதான் எங்கட முறை." பெரிய ஊசியொன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "இது கைக்கு." பிறகு ஒரு நீளமான றப்பர் குழாயை உறையிலிருந்து உருவினாள்.

முத்தலிபு ஒரு கண்ணைத் திறந்தார். "அது எங்கனக்கி?"

"சிறுநீர் போக. சாரத்தக் கொஞ்சம் இளக்குங்க."

"செய்து காட்டுறதுக்குத்தானே மிஸ்?"

"செய்து காட்டத்தான் போறன். பிரதம விருந்தினர் வந்தாப் பிறகு, மேடைக்கு முன்னால செய்வமா?"

சமாதான நீதவான் தாமே பட்டிகளைக் கழற்றினார். அந்த வேகத்தைப் பார்த்த எவரும் அவரை நோயாளி என்று சொல்லமாட்டார்கள்.

லோறன்ஸ் ஏறினார். கட்டில் உருண்டது. குறுக்கே சிவப்பு நாடா. குழுச் செயலாளர் இரு கையையும் விரித்து, "அத வெட்டாம உள்ள போக ஏலா மிஸ்" என்றார்.

"ஓம், அதுதானே" என்றாள் சிபானா. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டர் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு.

ஹெலிகொப்டரோடு வந்திருந்த டொக்டர் நோயாளியைப் பொறுப்பேற்றார்; றோசமேரியும் கூடவே ஏறினாள். மிச்சத் தோரணத்தையும் கழற்றிக்கொண்டு ஹெலிகொப்டர் களப்பு நீருக்கு மேலே எழும்பியது. திடலில் நின்ற சனம், யாரும் கேட்காமலே, கைதட்டியது.

நெடுநேரம் கழித்துப் பிரதம விருந்தினர் வந்தார். நாடாவை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள், வெட்டினார். வெறும் புல்லைத் திறந்துவைத்தார். கல்லின் திரையை நீக்கி, "முதற் பயணி எங்கே?" என்றார். முத்தலிபு புரியாணிப் பார்சலோடு எழுந்து நின்றார்.

பிறகு உரை. ஏழைகளுக்குச் சிறகு முளைத்த கதை அஸர் தொழுகை நேரம் வரை இழுத்தது. நடுவில் சிபானாவின் போன் அடித்தது. றோசமேரி.

"மிஸ், அடைப்ப எடுத்தாச்சாம். இந்த மனிசன் தேத்தண்ணி கேக்கிறார். சீனி கூடப் போடட்டாம்."

சிபானா எழுந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், கரையில் நின்ற உச்சமுனைப் படகுகள் வரை எட்டியது. திடலே எழும்பிக் கைதட்டியது; விசிலும் பறந்தது.

பிரதம விருந்தினர் பேச்சை நிறுத்தி, நெஞ்சில் கைவைத்து, அடக்கத்தோடு தலை குனிந்தார்.