தகரக் கொட்டகைக்கு ஒரு கேமரா

பக்கத்துப் பண்ணை டெல்மர் கேமரா மாட்ட ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான், காப்பி குடித்தான், திருடனை வாய்நிறையத் திட்டினான். "ஆர்வில், உன் துருப்பிடிச்ச ஸ்பேனர திருட ஒருத்தன் மெனக்கெட்டு வந்திருக்கான்னா, பாவம், அவனுக்கு நாமதான் எதாவது குடுத்து அனுப்பணும்" என்றான். ஆர்வில் சிரித்தான். அவன் பெண்டாட்டி மார்லிஸும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள்.

திருடன் எவனும் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு மத்தியானம், வீட்டிலிருந்து அறுபது தப்படி தள்ளியிருக்கும் தகரக் கொட்டகைக்குள் ஆர்வில் தாழ்போட்டுக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டுப் பதில் வராமல், மார்லிஸ்தான் பனி அள்ளும் மண்வெட்டியால் ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கி, புருஷனை உயிரோடு இழுத்து வந்தாள். மறுநாள் உடைந்த கண்ணாடியைப் பார்த்துப் டெல்மர் கேட்டபோது திருடன் என்று அவள் வாயில் வந்துவிட்டது. அமெரிக்காவில், டகோட்டாவின் அந்த மூலையில் மாட்டுக்கு வந்த நோயை ஊரெல்லாம் சொல்வார்கள், மனுஷன் மனசுக்கு வந்ததை வீட்டுக்குள்ளேயே புதைப்பார்கள். சர்ச்சில் பார்த்தவர்களெல்லாம் கேமரா வை என்றார்கள். வீட்டைச் சுற்றி ஏற்கெனவே மூன்று இருந்தன. கொட்டகைக்கு மட்டும்தான் இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். ஆனாலும் பகலெல்லாம் ஆர்வில் அங்கேதான் கிடந்தான். இட்டுக்கட்டிய திருடன் அங்கே கேமரா வைக்க ஒரு நல்ல சாக்காக வந்து சேர்ந்ததில் மார்லிஸுக்கு உள்ளூர நிம்மதி.

டெல்மர் கிளம்பிப் போனபின், கேமராவைக் கொட்டகைக்குள் மாட்டினால் சிக்னல் வரவில்லை. முப்பது வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறியவன் ஆர்வில். அவனே சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"தகரம் விடாது. கண்ணாடிதான் விடும்" என்றான். சிக்னலை வாங்கிக் கடத்தும் டப்பாவைப் புது ஜன்னலோரம் வைத்தான். அவள் உடைத்து மாற்றிய அதே ஜன்னல். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. காவல் காக்கப்படுகிறவனே காவலுக்கு வேலை செய்துகொண்டிருந்தான்.

கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டான். கதவுப் பக்கம் என்றாள். அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, அதைத் தன் ஸ்டூலைப் பார்க்கத் திருப்பி திருகாணியை முறுக்கினான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

படம் வருகிறதா என்று பார்க்க அவளைச் சமையலறைக்கு அனுப்பினான். மேசைமேல் கணினியில் கொட்டகை தெரிந்தது. ஆர்வில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் போன் அடித்தது.

"தெரியறேனா?"

"நல்லா தெரியற."

"இப்ப கை ஆட்டறேன் பாரு."

திரையில் அவன் கை மடியிலேயே கிடந்தது. மார்லிஸ் மனதுக்குள் எண்ணினாள். ஒன்பது வந்தபோதுதான் கை மேலே எழுந்தது.

"லேட்டா வருதுல்ல?" என்றான் போனில். "நடுவுல ஒரு டப்பா இருக்கே. அப்படித்தான் வரும். நீ பாக்கறப்போ இங்க எல்லாம் முடிஞ்சிருக்கும், மார்லிஸ்."

அவள் பேர் சொல்லி அவன் கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவள் "ஆர்வில்" என்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. திரையில் அவன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் திரையைப் பார்ப்பதை விட்டாள். செருப்புகூடப் போடாமல், உருகிய பனிச் சேற்றில் கணுக்கால் புதைய ஓடினாள். அவளுக்குப் பின்னால், ஆளில்லாத சமையலறையில், திரையில் ஆர்வில் அப்போதுதான் போனைக் காதிலிருந்து எடுத்தான்.