பதிமூன்றா, பதினொன்றா

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. படகுத்துறைச் சரிவில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கைக்கொன்றாக இரண்டு ப்ரொப்பல்லர், படகைத் தள்ளும் விசிறி. தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி இதைத் தூக்கிப் பார்க்கிறார், அதைத் தூக்கிப் பார்க்கிறார். அந்த முகத்தில் இருந்த கவலை என்னைத் தொற்றிக்கொண்டது. வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்:

"ஏரி அன்று கண்ணாடி போல—"

வேண்டாம். கதைகளில் ஏரி என்றைக்குத்தான் கண்ணாடி போல இல்லை?

"அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்." இது பரவாயில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் மாற்றிப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்கிற மனிதருக்கு, தனக்கென்று வந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லத் தெரியாது. கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

2.

(படகு தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) மரத்தில் திருகாணி இறங்குவது போல, ப்ரொப்பல்லர் ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதுதான் பிட்ச். பதிமூன்று என்றால் தாவல் பெரிது; வேகம் உண்டு, ஆனால் பாரம் ஏறினால் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். பதினொன்று என்றால் தாவல் சிறிது. பாரத்தை இழுத்துவிடும், ஆனால் படகு லேசாக இருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றிக் கத்தும்.*

படகுத்துறை மெக்கானிக் பன்னைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "சார், குடும்பத்தோட போறீங்களா, குடும்பத்த விட்டு ஓடுறீங்களா? அதச் சொல்லுங்க, நான் நம்பர் சொல்றேன்."

"என் வீட்டம்மாவுக்குத் தண்ணின்னாலே பயம். ஒரே ஒரு தடவ வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பிடிக்கலைன்னா படகையே வித்துடணும்னு பேச்சு."

"அப்ப ரெண்டு பேரு. பதினொண்ணு."

கண்ணாடிக்காரர் இரண்டையும் வாங்கினார். பதிமூன்றை மாட்டித் தனியாக ஓட்டிப் பார்த்தார். படகு எழும்பித் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு பறந்தது. சுற்று காட்டும் முள் நிற்க வேண்டிய இடத்தில் சமர்த்தாக நின்றது. பதினொன்றைச் சாக்கில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

* "சைக்கிள் கியர் மாதிரி" என்று முதலில் எழுதினேன். எனக்கு சைக்கிள் கியரும் சரியாகத் தெரியாது.

3.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இதுவரை எழுதிய வரைவுகள் எதிலும் மனைவி படகில் ஏறவே இல்லை. கரையில் நின்று கையசைத்தாள், அவ்வளவுதான். கதை ஜிவ்வென்று ஓடியது. அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"ஜோரா ஓடுதுடா," என்றாள். "ஆனா எங்க போகுது?"

சரி, ஏற்றுகிறேன். வெறும் மனைவியாக இல்லாமல் கணக்கு டீச்சராக ஏற்றுகிறேன்.

டீச்சர் பயத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். உபரியாக மிதவைச் சட்டைகள், வடக்கயிறு, மருந்துப் பெட்டி, தண்ணீர்க் கேன்கள், மாற்றுத் துணி, ஒரு குடை.

"குடை எதுக்கு?"

"தெரியல. இருக்கட்டும்."

4.

ஏரி நடுவே இருக்கும் தீவுக்குப் போக, பயணிகள் கப்பல் வரும் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். கண்ணாடிக்காரர் முழு விசை கொடுத்தார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் அமுங்கியது. இன்ஜின் முக்கியது, முள் பாதி வழியில் படுத்துக்கொண்டது. கப்பலின் வெள்ளை முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஏங்க, இது இப்படித்தான் போகுமா?"

"இப்ப எழும்பிடும்."

"இப்பன்னா எப்ப?"

கப்பல் ஹாரன் அடித்தது.

[இந்த இடத்தில் ஒரு மோதல் வைத்துப் பார்த்தேன். அழித்துவிட்டேன்.]

கண்ணாடிக்காரர் படகைத் திருப்பி மணல்திட்டில் ஒதுக்கினார். கப்பல் கிளப்பிய அலை வந்து தொட்டில் மாதிரி ஆட்டியது. டீச்சரின் நகம் அவர் மணிக்கட்டில் பதிந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"பாரம் கொஞ்சம்..."

"நான் குண்டுங்கிறீங்களா?"

"ஐயோ, குடையச் சொன்னேன்!"

டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் சாக்கைப் பிரித்தார்.

"இது என்ன?"

"இது ரெண்டு பேருக்கு. இப்ப மாட்டியிருக்கிறது ஒரு ஆளுக்கு."

"வாங்கி வச்சிருக்கீங்க. ஆனா மாட்டல." டீச்சர் நிதானமாகச் சொன்னார். "அப்ப நான் வரமாட்டேன்னே முடிவு பண்ணிட்டீங்க."

"அப்படி இல்லம்மா, நான் வந்து—"

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை. டீச்சரை ஏற்றாமலே வரைவு வரைவாக எழுதித் தள்ளிய நான் அவருக்கு என்ன உதவி செய்ய முடியும்?

5.

ப்ரொப்பல்லரை அங்கேயே மாற்றலாம். தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் நட்டு கைதவறி விழுந்தால் போச்சு. வாங்கிக்கொள்ள இன்னொரு கை வேண்டும்.

"டீச்சர் இறங்கினார்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படி நடக்கவில்லை. காலை வைத்தார். எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்தார். ஒரு கையால் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி மறுகையை நீட்டினார்.

கண்ணாடிக்காரர் நட்டைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். பதிமூன்று வழுக்கி வெளியே வந்தது.

"இந்தப் பதினொண்ணப் போட்டா, நீங்க தனியா போறப்ப என்ன ஆகும்?"

"கத்தும். முழு விசை குடுக்க முடியாது. பறக்க முடியாது."

"திரும்பிப் போனதும் கழட்டிடுவீங்களா?"

முடிவு ஒன்று எழுதினேன்: பதினொன்று ஏறுகிறது, இருவரும் தீவில் இறங்குகிறார்கள். தித்தித்தது. முடிவு இரண்டு: பதிமூன்றோடு ஊர்ந்து கரை சேர்கிறார்கள், படகின்மேல் 'விற்பனைக்கு' அட்டை தொங்குகிறது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டையும் கிழித்தேன்.

ஆக, நான் துறையில் பார்த்த அதே மாதிரிதான் நிற்கிறார் கண்ணாடிக்காரர், கைக்கொன்றாக. படகின் இன்ஜினில் எதுவும் மாட்டவில்லை. நட்டு டீச்சரின் மூடிய கைக்குள். எத்தனை முறை எழுதினாலும், பதில் வராமல் அந்தக் கை திறக்க மாட்டேன் என்கிறது. அடுத்த கப்பலின் ஹாரன் கேட்டுவிட்டது.

கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கிறார். யாராவது அடியெடுத்துக் கொடுங்களேன். சீக்கிரம். அலை வருகிறது.