சீறாத மூடி

என் வீட்டுக்காரர் தர்மன் ஓட்டிய வாடகை அம்பாசிடருக்கு ரோஷம் அதிகம். சூடேறினால் ரேடியேட்டர் மூடி வழியாக 'புஸ்ஸ்' என்று ஆவியை விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு கூட்டம், அந்தச் சத்தம் கேட்டு நடுத்தெருவில் கதவைத் திறந்துகொண்டு குதித்தது. "இன்னாப்பா, உள்ள நல்லபாம்பு வளக்கிறியா?" என்று டாக்சி ஸ்டாண்டில் ஒரே கேலி. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கம் குப்புசாமியின் பார்ட்ஸ் கடைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காட்டிவிட்டு வந்த நானும் கூட நின்றேன். தலைப்பிரசவம், மாதம் நிறைந்திருந்தது.

குப்புசாமி இரண்டு மூடிகளை எடுத்து வைத்தார். "இது உன் வண்டிக்கு உண்டானது. உள்ள அழுத்தம் ஏறினா ஸ்பிரிங்கு தூக்கி ஆவிய வெளிய வுட்ரும். சத்தம் வரத்தான் வரும். அது லாரியோடது, ஸ்பிரிங்கு கெட்டி. உனக்கு வாணாம்பா."

"பொருந்துமா?"

"பொருந்தும். ஆனா..."

"சத்தம் வராதில்ல? அதையே குடு."

லாரி மூடியின் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. "அப்ப ஆவி எங்க போவும்?" என்று கேட்டேன்.

"உள்ளயே அடங்கிக் கெடக்கும், வா" என்றார் இவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

எங்கள் ஊர் தென்னேரியில் என் மாமியார் மணியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "வண்டின்னா இப்டி வாயத் தொறக்காம இருக்கணும்" என்றவர் என் வயிற்றைப் பார்த்தார். "எங்க வூட்ல எத்தினியோ பிரசவம் ஆயிருக்குது. ஒருத்தி சத்தமும் தெருவுக்குக் கேட்டதில்ல." யாருக்குச் சொன்னார் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை.

வலி கண்டது ஒரு நடுப்பகலில். மெட்ராஸ் சவாரி முடித்து அப்போதுதான் வந்து நின்ற வண்டி, அனல்கூட ஆறவில்லை. என்னைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை, ஒரு துண்டைச் சுருட்டி என் வாயில் கொடுத்தார். "கடிச்சிக்க. மூச்சு வுடக் கூடாது."

கடித்துக்கொண்டேன். வலி முதுகிலிருந்து புறப்பட்டு இடுப்பை முறித்துப் போட்டது. இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எப்டிம்மா இருக்குது அவளுக்கு?"

"கம்முனுதான இருக்கிறா? பொறக்கறதுக்குப் பொழுது சாஞ்சிரும். நீ மெதுவா ஓட்டு."

அவர் நம்பி மெதுவாகவே ஓட்டினார். வாலாஜாபாத் தாண்டியதும் முன்னாலிருந்து ரப்பர் காய்கிற வாடை வந்தது. வண்டியிலிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை. அந்த மூடி எவ்வளவை அடக்கிக்கொண்டிருக்கிறதோ என்று முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்குக் கீழே ஏதோ முட்டியது. செத்துப்போகப் போகிறேன், குழந்தையும் போகப் போகிறது, இது ஒருவருக்கும் தெரியப் போவதில்லை என்று நினைத்தேன்.

டமார் என்று வெடித்தது. கண்ணாடி முழுக்க ஆவி. துண்டு எங்கே விழுந்ததோ தெரியாது, நான் அலறினேன்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்சீட்டை எட்டிப் பார்த்தவர் முகத்தில் ரத்தம் இல்லை. "அடிப்பாவி, இவ்ளோ ஆயிருக்குது, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"யோவ், சத்தம் வராததத்தான கேட்ட!" என்று கத்தினேன்.

அவர் ஓடிப்போய் வண்டியின் முன்பக்கத்தைத் திறந்தார். ரேடியேட்டர் ரப்பர் குழாய் கிழிந்திருந்தது. நான் கடித்த துண்டை நீளமாகக் கிழித்து அதன்மேல் இறுக்கிச் சுற்றினார். வயல் வாய்க்காலில் சொம்பு சொம்பாக மொண்டு வந்து ஊற்றினார். மூடியை முழுக்கத் திருகாமல் தளரவே விட்டார். வண்டி சீறிக்கொண்டே கிளம்பியது. நானும் அலறலை விடவில்லை. காஞ்சிபுரம் தெருவில் தறிச்சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை என் கையைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிடியை மட்டும் தளர்த்தவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மேசையில் ஏற்றியதுமே குழந்தை பிறந்தது.

சத்தமில்லை.

நர்சம்மா தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். சத்தமில்லை. உள்ளங்காலில் சுண்டினார். அந்த நேரத்தில் பயந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பிறகும் இல்லை. "கத்து கண்ணு, கத்து" என்று கெஞ்சினேன். என் தொண்டையில் குரலே மிச்சமில்லை.

முதலில் பூனைக்குட்டி போல ஒரு முனகல். பிறகு சுவர் அதிர ஒரு வீறல்.

கதவுக்கு வெளியே அத்தை அழுதுகொண்டே சொன்னது கேட்டது: "நர்சம்மா, அழுகைய அமத்திடாதீங்க. தெருவுக்கே கேக்கட்டும்."