பின்னறைக்கு ஒரு பழைய ரவுட்டர்

கலையரசிக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. எதைக் கேட்டாலும் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடப்பாள். பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா தினமும் காலையில் வீடியோவில் வருவார். ஆனால் புது ரவுட்டர் வாசலறையில் இருந்தது. இரண்டு கனத்த சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு வருவதற்குள் சிக்னல் செத்துவிடும்.

"அவளுக்கு ஒண்ணும் புரியலக்கா. என்னாலயும் முடியல. தென்னேரியாண்ட ஒரு இல்லம் இருக்குதாம், அங்க விட்டுடலாம்னு பாக்கறேன்." கணவர் ராமராஜன் தன் அக்காவிடம் போனில் இப்படிச் சொன்னது சனிக்கிழமை, கலையரசியின் கட்டிலருகே நின்றபடியே.

மறுநாள், ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சுகாசினி போனில் வழி சொன்னாள்.

"பழைய ரவுட்டர அம்மா ரூம்ல வச்சி, புதுசுலேர்ந்து ஒயர் இழுத்துக் குடுத்தா போதும்பா. ஆனா மொதல்ல லேப்டாப்ப அதுல மாட்டி உள்ள போவணும். ரெண்டுக்கும் ஒரே ஐபி நம்பர் இருக்கும், பழசுக்கு மாத்தணும். போனுக்கெல்லாம் நம்பர் குடுக்கற வேலைய புதுசு மட்டும்தான் செய்யணும். பழசும் குடுத்தா ரெண்டும் மோதிக்கும்."

ராமராஜன் கட்டிலருகே உட்கார்ந்து பழைய ரவுட்டரில் லேப்டாப்பை மாட்டியதும், திரை பாஸ்வேர்டு கேட்டது. அதைப் போட்டவள் கலையரசி. கம்ப்யூட்டர் சென்டரில் பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவள். ஆட்டோ ஓட்டும் ராமராஜனுக்கு இதெல்லாம் தெரியாது.

"அப்ப ரீசெட் பண்ணிடலாம்பா. பின்னால சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசியால அமுக்கு."

அவர் எழுந்தபோது கட்டிலிலிருந்து ஒரு முனகல் கேட்டது. கலையரசியின் இடது கை நீண்டிருந்தது. தண்ணீர் கேட்கிறாள் என்று டம்ளரை எடுத்தார். அவள் தலையசைத்து மறுத்தாள். விரல் லேப்டாப்பைத்தான் காட்டியது.

அவளைச் சாய்த்து உட்காரவைத்து, லேப்டாப்பை மடியில் வைத்தார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினாள். திரையில் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. பக்கம் திறந்தது. அவள் நிறுத்தவில்லை. நம்பரின் கடைசி இலக்கத்தை மாற்றினாள், நம்பர் கொடுப்பதை அணைத்தாள், சேவ் செய்தாள். அவர் புது ரவுட்டரிலிருந்து இழுத்த ஒயரைத் தனியாயிருந்த நீலத் துளையில் செருகப் போனார். அவள் விரல் பக்கத்து மஞ்சள் துளையைக் காட்டியது.

ராமராஜன் மஞ்சளில் செருகினார்.

"கலை... நேத்து நான் அக்காகிட்ட பேசுனது..."

அவள் காலிப் பக்கம் ஒன்றைத் திறந்து தட்டினாள்: 'கேட்டேன்.'

அதற்குக் கீழே: 'நான் இங்கயே இருக்கேன்.'

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்பா, லைன்ல இருக்கியா? ஆச்சா?"

"ஆச்சு. உங்கம்மாதான் பண்ணா."

 மறுமுனையில் சுகாசினி அழுவது கேட்டது. அவர் போனைக் கலையரசியின் காதருகே வைத்துவிட்டு வெளியே போனார். அக்காவை அழைத்து, இல்லத்துப் பேச்சு இனி வேண்டாம் என்றார்.

இரண்டு நாள் கலையரசி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, தலை வாரிவிட அவர் சீப்போடு உட்கார்ந்தபோது, அவளாகவே கழுத்தைத் திருப்பிக்கொடுத்தாள்.