மேற்படி

வாசலில் செருப்பைக் கழற்றிய ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் மனசுக்குள் வயது போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதுக்குக் கீழே என்றால் விட்டுவிடுவாள். எழுபதைத் தாண்டியவர் என்று பட்டால் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று, "அப்பாவை எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். கேட்ட தோரணையில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தாங்களே விசாரணைக்கு வந்தது போலத் திணறினார்கள்.

அப்பா கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். எண்பத்து மூன்று வயது. கப்பல் இன்ஜின் அறையில் முப்பது வருஷம் எண்ணெய் போட்டவர். காலையில் டீ கேட்டார், டீ வருவதற்குள் போய்விட்டார். நல்ல சாவு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவளுக்கு மட்டும், கேள்வி கேட்பதற்குள் ஆள் நழுவிவிட்டார் என்று இருந்தது.

"யாரைடி தேடற?" என்றாள் அம்மா.

"யாரையும் இல்ல."

"காலைலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருக்க. வரவங்க வருவாங்க. வந்து உக்காரு."

அவள் உட்காரவில்லை. அந்தப் பெண் வருவாள் என்று மூன்று வருஷமாக அவளுக்குத் தெரியும். உயிரோடு இருந்தால் இன்றைக்கு வராமல் என்றைக்கு வரப்போகிறாள்?

கப்பல் ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. என் தாத்தா எந்தக் கப்பலில் போனார், எந்தக் கரையில் இறங்கினார் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு, பழைய பணியாளர் பட்டியல்களைப் புரட்டிப் பதில் தேடிக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, வேலை, முன்பு போன கப்பல், நெருங்கிய உறவு, அந்த உறவின் பெயர், முகவரி. ஒரு மாலுமிக்கு ஒரு வரி. அந்த ஒற்றை வரியால் குடும்பங்கள் கவிழ்ந்ததையும் பார்த்திருக்கிறாள். மாலுமியின் சாவிக்கொத்தில் துறைமுகத்துக்கு ஒரு சாவி இருக்கும் என்று காப்பகத்தில் கிண்டல் உண்டு. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவருடைய வரியையே நகலெடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் வினையாகப் போயிற்று. அவள் பிறந்த வருஷத்துப் பயணம் கணினித் திரையில் வந்தது. பன்னிரண்டாம் வரியில் அப்பா. உறவு: மனைவி. பெயர், முகவரி: மேற்படி. கண்ணை மேலே நகர்த்தினாள். பதினொன்றாம் வரியில் யாரோ ஓர் இன்ஜின் அறை உதவியாள். உறவு: சகோதரி. கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயர். பதினேழு, துறைமுகத் தெரு. கூட வேலை பார்த்தவனின் உடன்பிறந்தவளை அப்பா கட்டியிருக்கிறார். அம்மாவின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

சட்டம் போடவில்லை. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை, அப்பாவிடம் பேச மனசு வரவில்லை. "சாப்டாச்சா?", "மாத்திரை போட்டாச்சா?" அவ்வளவுதான். அதையும் உதட்டுக்குள்ளேயே சொன்னாள். ஒரே ஒரு தடவை, "துறைமுகத் தெரு தெரியுமா?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் "ஆங்?" என்று காதில் இருந்த மெஷினைத் திருகினார். இன்ஜின் சத்தம் தின்ற காதுதான். ஆனாலும் நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குக் குடையோடு ஒரு வயதான அம்மாள் வந்தார். யாரோடும் பேசாமல் நேரே பெட்டியருகே போய், கண்ணாடியில் கையை வைத்து அழுதார். எழுபத்தைந்து இருக்கும். அவள் பக்கத்தில் போனாள். வந்தே விட்டாள்.

"நீங்க யாரு?"

"நீங்கதான் பொண்ணா?" அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்தா உங்க பேச்சுதான் பேசுவாரு."

"எங்க வந்தா?"

"எங்க கடைக்குத்தான். காது மெஷின் கடை. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துடுவாரு. பேட்டரி போயிடுச்சும்பாரு. போட்டுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும். 'மத்தவங்க பேசறதெல்லாம் கேக்குது, என் பொண்ணு பேசறது மட்டும் கேக்க மாட்டேங்குது, இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க'ம்பாரு. இதுக்கு மேல கூட்ட முடியாதுங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு. மூணு வருஷமா இதே பாட்டு."

அவள் அப்பாவின் அறைக்குப் போனாள். மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் மெஷின் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் மூடியதும் மெல்ல விசிலடித்தது. காலையிலிருந்து யாரும் அதை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது என்று அவளுக்கும் தெரியவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இருந்தாலும் பட்டியலில் இருக்கும் எழுத்து எழுத்துதானே என்று உள்ளே ஒரு பிடிவாதம் உட்கார்ந்திருந்தது.

வெளியே பந்தலில் மாமா பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சாவு வீட்டில் நாலு பேர் கிடைத்தால் வாயை மூடத் தெரியாதவர்.

"நானும் அத்தானோட கப்பலுக்குப் பேர் கொடுத்தவன்தான், தெரியுமா?"

"நீங்களா? படகுகூட ஏறினதில்லையே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கையெழுத்தே போட்டேங்க. 'நீ முன்னால நில்லு, பின்னால விட்டா ஓடிடுவ'ன்னு அத்தான் என்னை முன்னால தள்ளிட்டு அடுத்தாப்ல நின்னாரு. கிளம்பற அன்னிக்குப் பார்த்து எனக்குக் காமாலை. பார்க்கறதெல்லாம் மஞ்சள். டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தாரு, இறங்குன்னுட்டாரு. எனக்குப் பதிலா வேற ஒருத்தனை ஏத்திக்கிட்டாங்க. அதோட சரி நம்ம கப்பல் சவாரி."

அவள் மாமாவின் எதிரே போய் நின்றாள். "எந்த வருஷம் மாமா?"

"நீ பிறந்தியே, அந்த வருஷம்தான்."

"உறவுன்னு யார் பேரைக் கொடுத்தீங்க?"

"எனக்கு வேற யார் இருந்தா? அக்கா பேரைத்தான் கொடுத்தேன். அத்தானும் அதே பேரு, அதே விலாசம். எழுதறவனே சிரிச்சான். 'ஒருத்தனுக்கு அக்கா, ஒருத்தனுக்குப் பொண்டாட்டி, எனக்கு எழுதற வேலை மிச்சம்'னான்."

அவள் பின்கட்டுக்குப் போய்க் காப்பகத்துக்கு ஃபோன் செய்தாள். கிழிந்த ஏடுகளை ஒட்டுகிறவர் எடுத்தார். பசைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"வீட்ல இப்படி இருக்கறப்ப ஆபீஸ் வேலையாம்மா?"

"ஒரு பட்டியல் பார்க்கணும். படம் வேணாம், மூலத்தையே எடுங்க. பதினொண்ணாவது வரி." கப்பலையும் வருஷத்தையும் சொன்னாள்.

இருபது நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். "ஒட்டுச் சீட்டும்மா. சரியா ஒரு வரி அகலம். மழமழன்னு ஒட்டியிருக்கான், படத்துல தெரிய வாய்ப்பே இல்ல. ஜன்னல்கிட்ட பிடிச்சா அடியில எழுத்து தெரியுது. படிக்கட்டுமா?"

"படிங்க."

ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அம்மாவின் பெயரைப் படித்தார். பிறகு விலாசத்தை. "இது உங்க வீடு மாதிரியில்ல இருக்கு?"

திரையில் பார்த்ததை நம்பாதே, காகிதத்தைத் தொட்டுப் பார். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. வேறு யாருடைய அப்பாவாக இருந்திருந்தாலும் அன்றைக்கே ஏட்டை எடுத்துப் பார்த்திருப்பாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

கூடத்துக்குத் திரும்பியபோது அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "தேடின ஆள் வந்தாச்சா?"

"அப்படி யாரும் இல்லம்மா."

பிற்பகல் மயான அலுவலகத்தில் அவளும் மாமாவும் மேஜை முன்னால் நின்றார்கள். குமாஸ்தா பெரிய பதிவேட்டில் அப்பாவின் பெயர், வயது, தொழில், விலாசம் எல்லாம் எழுதி முடித்துவிட்டார்.

"மனைவி இருக்காங்களா?"

"இருக்காங்க." அம்மாவின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"விலாசம்?"

"அதே வீடுதான்."

அவர் பேனா 'மே' என்று ஆரம்பித்தது.

"மேற்படி போடாதீங்க."

சத்தமாகவே சொல்லிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அவள் தோளைத் தொட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார் குமாஸ்தா.

"ஒண்ணுதான். முழுசா எழுதுங்க."

அவர் பெருமூச்சு விட்டு 'மே'யை அடித்தார். கதவு எண்ணையும் தெருவையும் எழுதத் தொடங்கினார். அவள் குனிந்து, எழுதி முடிக்கும்வரை அந்த வரிக்குக் கீழே விரலை வைத்திருந்தாள். கைப்பைக்குள் மெஷின் மெல்ல விசிலடித்துக்கொண்டிருந்தது.