அரை ஸ்பூன் மஞ்சள்

கஜபதியின் உடலைக் குளிப்பாட்ட வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். "மஞ்சத்தூள் எட்தா அஞ்சல" என்று நாத்தனார் கன்னியம்மாள் குரல் கொடுத்தாள். அஞ்சலை எழுந்து போய், அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு டப்பாவை எடுத்துவந்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் உறைத்தது.

"இன்னாடி இது? இந்த ஊட்ல மஞ்சளே கெடையாதுன்னு சேக்காடு பூரா சொல்லிகினு இருந்தான் எந்தம்பி. பொங்கலுக்கு ஒரு கொத்து வாங்கலன்னு உன்னத்தான ஏசனேன்?"

அஞ்சலை உள்ளே போய்விட்டாள்.

பதினான்கு மாதங்களுக்கு முன், புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போட்டுவந்த ஹார்மோன் ஊசிக்கு நோய் மசியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொன்னார்கள். ஊசியோடு தினமும் மாத்திரை. பாதிப் பேருக்கு மஞ்சளிலிருந்து பிரித்த சத்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. சாப்பாட்டில் மஞ்சள் சேரக்கூடாது, சேர்ந்தால் மாத்திரை என்ன செய்தது என்று ரத்தத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

அம்பத்தூர் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்பிரிங் அளந்து பார்த்தவர் கஜபதி. மயிரிழை கூடினாலும் தள்ளிவிடுவார். அன்றே மசாலா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் வெறும் தயிர்ச்சோறுதான்.

"உனுக்கு மாவக் குடுத்துகினு இருந்தா இன்னாய்யா பண்ணுவ?" என்று அஞ்சலை ஒருமுறை கேட்டாள்.

"மாவு துன்னவன் எப்டி கீறான்னு தெரிஞ்சாத்தான், மருந்து துன்னவன் எப்டி கீறான்னு தெரியும். ரெண்டும் வேலதான்."

அவளால் அப்படி இருக்க முடியவில்லை. மூன்றாம் மாதம், மாத்திரையில் இல்லாவிட்டால் ரசத்திலாவது போகட்டும் என்று அரை ஸ்பூன் போட்டாள். அப்புறம் வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள். அவர் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

இன்று விடிந்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த மனிதன் வாயைக் கட்டி இருந்ததையெல்லாம் தன் கையால் பாழாக்கிவிட்டோமே என்பது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

பத்து மணிக்கு ஜெபா மாலையோடு வந்தாள். ஆராய்ச்சி நர்ஸ், மாதாமாதம் ரத்தம் எடுக்கிறவள். அஞ்சலை அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் மஞ்சள் போட்டுட்டேம்மா. அவுருக்குத் தெரியாம."

கஜபதி தினமும் சாப்பிட்டதை ஆராய்ச்சிக்காக எழுதிவந்த, அஞ்சலை ஒருநாளும் திறந்து பார்க்காத நோட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. ஜெபா அதை எடுத்து, ஒரு பக்கத்தைத் தேடிப் படித்தாள். "'சனிக்கிழமை. ரசத்தில் மஞ்சள். அரை ஸ்பூன் இருக்கலாம். முழுவதும் சாப்பிட்டேன்.'"

அஞ்சலை கிட்டே வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"மொத தடவையே வந்து சொல்லிட்டாரும்மா. வீட்ல பேசட்டுமான்னு டாக்டர் கேட்டாரு. 'வாணாம் சார். அவ எனக்குத் தெரியாத மாரி போடுறா, நானும் தெரியாத மாரி துன்றேன். எவ்ளோன்னு எழுதித் தந்துர்றேன்'னாரு."

வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"அப்ப வீணாப் பூடுச்சா?"

"மத்தவங்க கூட சேக்க முடியாது. தனியா வச்சிருக்காங்க. எழுதினது சரியா இருந்தா அதுலயும் தெரிஞ்சிக்க ஏதாவது இருக்கும்மா."

கன்னியம்மாள் கதவைத் தட்டினாள். "அஞ்சல, கோடித் துணி போட ஆளுங்க வந்துட்டாங்க."

"தோ வரேன்" என்றாள் அஞ்சலை. ஆனால் நகரவில்லை. "ஆடியில கூழு ஊத்தன அன்னிக்கி இன்னா எழுதிகீறாரு?"

ஜெபா புரட்டினாள். "'மஞ்சள் இல்லை.'"

"இருந்துச்சி. கருவாட்டுக் கொழம்புல. புளி தூக்கலா இருந்துச்சா, அவுருக்கு நாக்குல தெரிஞ்சிருக்காது. முக்கா ஸ்பூனு."

ஜெபா பேனாவை எடுத்து, அவர் எழுதிய வரிக்குக் கீழே எழுதினாள். தெருவில் மேளம் தொடங்கியது. அவள் எழுதி முடிக்கும்வரை அஞ்சலை பொறுத்திருந்தாள். பிறகு, சத்தத்துக்கு மேலே கேட்கும்படி குரலை உயர்த்தி, மஞ்சள் போட்ட இன்னொரு நாளைச் சொன்னாள்.