பியாட்ரிஸ் வீட்டுக்குள் போன ரோடு

பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் இருக்கும் பியாட்ரிஸ் வீட்டுக்குள் ரோடு நுழைந்தது 2023 ஜூலை ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு. அன்று ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் தக்காளி கிலோ நூற்றிருபது. முன் கதவு வழியாக வந்து, கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே புகுந்து, பின் கதவு வழியாக வெளியே போயிற்று. நல்ல தார் ரோடு, நடுவில் வெள்ளைக் கோடு. வெளியே இருக்கிற நிஜ ரோட்டில் பத்தடிக்கு ஒரு பள்ளம், அதை மூட இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் கை வரவில்லை. இது மட்டும் யாரும் போடாமலே பளபளவென்று வந்து படுத்துக்கொண்டது.

காரணம் ஒரு விரல். பெங்களூரில் ஒரு சைக்கிள் கிளப், வார இறுதியில் ஓட்டுவதற்கு நூற்று முப்பது கிலோமீட்டரில் ஒரு வழி போட்டது. ஹொஸகோட்டே, கோலார், பங்காருபேட்டை, ஆண்டர்சன்பேட்டை, ஸ்கெலட்டன், அப்புறம் பேத்தமங்களா ஏரி, கடைசியில் முள்பாகல் மலை. பழைய ஊர், பழைய கோயில், பழைய சுரங்கம், எல்லாம் ஒரே நாளில். பெயர் தங்கப் பாதை. தங்கமாம், தூ. தூசியைத் தவிர இங்கே இன்னா மிச்சம்? காபிக் கடையில் உட்கார்ந்து போனில் கோடு போட்டவனுக்கு விரல் வழுக்கியது, கோடு பியாட்ரிஸ் வீட்டின் மேல் போய்விட்டது. சைக்கிளில் வருகிறவர்கள் கண்ணை நம்புகிறவர்கள் இல்லை, ஹேண்டில்பாரில் மாட்டிய போனைத்தான் நம்புவார்கள். போன் நேராகப் போ என்றது, கதவு திறந்திருந்தது, முதல் ஆள் உள்ளே போனான். பின்னாலேயே முப்பத்தொரு பேர் போனார்கள். கடைசி ஆள் தாண்டியபோது சிமெண்ட் தரை தார் ஆகியிருந்தது.

வீடு பத்துக்குப் பத்து. ஆனால் உள்ளே நுழைந்த சைக்கிள் பின்பக்கம் வெளியே வர நான்கு நிமிடம் ஆகிறது என்று டென்னிஸ் கடிகாரம் பார்த்துச் சொன்னார். டென்னிஸ் பக்கத்து வீட்டுக்காரர், சுரங்க ஷாஃப்ட்டில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி தட்டும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவர், நேர விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். வீட்டுக்குள் ரோடு ஓரிடத்தில் வளைந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அடுப்புக்குப் பக்கத்தில் பேத்தமங்களா என்று கன்னடத்தில் எழுதிய மைல்கல் முளைத்திருந்தது, பியாட்ரிஸ் அதன் மேல் மிளகாய்ப் பொடி டப்பாவை வைத்துக்கொண்டாள். லைனில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தங்கம் பிரித்த பிறகு கொட்டிவிட்டுப் போன சயனைட் மண்மேட்டுத் தூசி காற்றடித்தால் சோற்றுத் தட்டில் வந்து உட்காரும் ஊர் இது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு ஒரு ரோடு என்ன பிரமாதம்?

தாங்க முடியாதது அந்த ஆட்கள்தான். சனி, ஞாயிறு ஆனால் போதும், தோலோடு ஒட்டின டிராயரைப் போட்டுக்கொண்டு, வியர்வை நாற்றத்தோடு கட்டிலை உரசிக்கொண்டு போவார்கள். வாழைப்பழத் தோலை அடுப்படியில் போடுவார்கள். பிசுபிசுவென்று ஏதோ இனிப்பை உறிஞ்சிவிட்டு, அந்த எச்சில் பாக்கெட்டைத் தலையணை மேல் வீசுவார்கள். கொடியில் காயும் பாவாடையைப் பின்னால் வைத்துப் போட்டோ எடுப்பார்கள். ஒரு பெண் பியாட்ரிஸின் கன்னத்தைத் தொட்டு, எவ்வளவு இயல்பாக இருக்கிறீர்கள் என்றாளாம். வாஷ்ரூம் எங்கே என்று கேட்பார்கள். லைனில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது, பொதுக் கக்கூஸில் தண்ணி கிடையாது என்று சொன்னால் ஐயோ பாவம் என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அவள் பின்சுவரிலேயே ஒன்றுக்குப் போய்விட்டுக் கிளம்புவார்கள். கருமம்! நம்ம ஆட்கள் மட்டும் யோக்கியமா? வார்டு மெம்பர் ரவிகுமார் இரண்டாவது வாரமே அவள் வாசலில் கடை போட்டு, பத்து ரூபாய் டீயை மைனர்ஸ் டீ, சுரங்கத் தொழிலாளி குடிக்கிற டீ என்று நாற்பதுக்கு விற்றான். பாதிரியார்கூட ஞாயிறு ஆராதனையில் இது ஆசீர்வாதம் என்றார்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டால் தீர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களுக்கே தெரியும், அது நடக்கிற காரியம் இல்லை. லைனில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் ஷிப்ட்டுக்குப் போயிருக்கும்போது தாழ் போடக் கூடாது. ஆள் மேலே வரும்வரை முன் கதவும் பின் கதவும் திறந்தே இருக்க வேண்டும். முன்னொரு காலத்தில் ஆனி என்பவள் தூசிக்காற்று தாங்காமல் அரைமணி நேரம் தாழ் போட்டாள். அவள் புருஷன் ஏனோக் கீழே ஐம்பதாவது லெவலில் இருந்தான். கேஜ் மேலே வந்தது, கூடப் போனவர்கள் வந்தார்கள், ஏனோக் மட்டும் வரவில்லை. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷிப்ட் இப்போது ரயிலில் போகிறது, வழக்கமும் கூடவே ரயிலேறிவிட்டது. பியாட்ரிஸின் மகன் ஷெர்வின் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிறான். விடியற்காலை ரயிலில் போனால் ராத்திரிதான் வருவான், வார விடுமுறை புதன்கிழமை.

“நான் இன்னா அண்டர்கிரவுண்டுக்கா போறேன்? ஏசி ரூம்ல குந்திகினு பில்லு போடறேன்மா,” என்பான்.

“எங்க குந்தினா இன்னா? ஷிப்ட்டுன்னா ஷிப்ட்டுதான். உங்கப்பா உயிரோட மேல வந்தது நான் கதவ தொறந்து வெச்சதாலதான்,” என்பாள். அந்த மனுஷன் மேலே வந்து பதினோரு வருஷம் இருமி, நுரையீரல் கல்லாகிச் செத்தது வேறு கதை.

ஆகஸ்டில் சர்வேயர் வந்தார். சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ் வீடுகளை இருக்கிறவர்கள் பெயருக்கே எழுதிக் கொடுக்கும் வேலை பல வருஷம் இழுத்து, அப்போதுதான் ஸ்கெலட்டன் பக்கம் வந்திருந்தது. பியாட்ரிஸுக்கு உலகத்தில் வேறு சொத்து இல்லை. சர்வேயர் டேப்பைப் பிடித்து அளந்தார், குனிந்து வெள்ளைக் கோட்டைத் தடவிப் பார்த்தார். “இது ரோடும்மா. ரோட்டுக்கு எப்படிப் பத்திரம் தரது? ஜனம் போய் வந்துனு இருந்தா அது ரோடுதான்,” என்றார். செப்டம்பர் பதினேழு, ஞாயிறு பத்து மணிக்கு மறுபடி வருவதாகவும், அப்போதும் சைக்கிள் போனால் வீட்டைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு ரவிகுமார் கடையில் ஓசி டீ குடித்துவிட்டுப் போனார்.

ஷெர்வின் அன்றைக்கு லீவு போட்டான். வீட்டு ஆள் வீட்டிலேயே இருந்தால் தாழ் போடலாம், அதில் தப்பில்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் சைக்கிள்கள் வரும், அதற்குள் சாத்திவிடலாம் என்று ஏற்பாடு. ஆனால் போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று பதினேழு பேர் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். கடைசியாக வந்த பச்சை ஹெல்மெட்காரன் அடுப்படியில் சைக்கிளை நிறுத்தி, தண்ணிப் பானையில் சொம்பை விட்டு மொண்டு, வாயைக் கொப்பளித்து, அந்தப் பானைக்குள்ளேயே துப்பினான். குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தரம் வருகிற பேத்தமங்களா தண்ணி அது. துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே தேங்க்யூ ஆன்ட்டி என்று வளைவில் திரும்பி மறைந்தான். பியாட்ரிஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போய்ப் பின் கதவைத் தாழ் போட்டாள், வந்து முன் கதவைத் தாழ் போட்டாள். பதினேழு பேரும் இன்னும் வெளியே வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். வழக்கம் லைன் ஆட்களுக்குத்தான், இந்தச் சனியன்களுக்கு இல்லை என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

தாழ் விழுந்ததும் தார் உள்வாங்கியது. பழைய சிமெண்ட் தரை பழைய விரிசலோடு வந்தது, மைல்கல் போய் மிளகாய்ப் பொடி டப்பா தரையில் விழுந்தது. பின்னால் வந்த நூற்றெண்பது பேரும் மூடிய கதவைப் பார்த்து முனகிக்கொண்டே பள்ளம் விழுந்த ரோட்டில் சுற்றிப் போனார்கள். பத்து மணிக்குச் சர்வேயர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, வீடு என்று எழுதினார். பதினேழு பேர் மட்டும் பேத்தமங்களா போய்ச் சேரவில்லை. போலீஸ் வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தது. எங்கள் சொந்தப் பொறுப்பில் வருகிறோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கிளப் காகிதத்தைக் காட்டிக் கழன்றுகொண்டது. அடுத்த மாதமே வேறு ஊருக்கு வேறு பாதை போட்டார்கள். ஆள் போனால் என்ன, பாதைக்கா பஞ்சம்? சீ.

மூன்றாம் நாள் தரைக்கு அடியில் சைக்கிள் மணி கேட்டது. டென்னிஸ் வந்து காதை வைத்துக் கேட்டு, ஐம்பதாவது லெவலுக்குக் கொஞ்சம் கீழே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றார். “உன் வீட்டு ஆளு இல்லதான். ஆனா உன் கதவு வழியாத்தான போனாங்க பியாட்ரிஸ்?” என்று மட்டும் கேட்டார். அவள் கொல்லைக்குப் போய், அவர்கள் வீசிவிட்டுப் போன பாட்டில் மூடிகளில் பதினேழைப் பொறுக்கி, ஓட்டை போட்டு, கதவோரம் ஆணியில் மாட்டினாள். ஷாஃப்ட்டில் இறங்கினவர்களின் டோக்கனை அப்படித்தான் பலகையில் மாட்டி வைப்பார்கள், ஆள் மேலே வந்ததும் கழற்றுவார்கள். பிறகு இரண்டு கதவையும் திறந்து வைத்தாள். ரோடு திரும்பி வரவில்லை.

பத்திரம் நவம்பரில் வந்தது. டிசம்பரில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அடுப்புக்கு அடியில் மணி மூன்று தரம் அடித்தது. மூன்று அடித்தால் கேஜில் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம் என்று டென்னிஸ் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். பச்சை ஹெல்மெட்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாம்பல் தூசியோடு தரைக்கு அடியிலிருந்து மேலே வந்தான். இருமினான். பியாட்ரிஸ் அவனை மேலும் கீழும் பார்த்து முறைத்தாள். ஆனாலும் புளி போட்டு மூன்று தரம் தேய்த்த அதே பானையில் இருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். “துப்பறதுன்னா வெளிய போய்த் துப்பு,” என்றாள். அவன் ஒரு சொட்டுக்கூடத் துப்பாமல் முழுவதையும் குடித்துவிட்டு, பேத்தமங்களா இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். பின் கதவைக் காட்டினாள், போனான். ஆணியில் இருந்து ஒரு மூடியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

தன் பெயருக்கு எழுதின வீட்டில் பியாட்ரிஸ் இன்றுவரை ஒரு நாளும் தாழ் போட்டதில்லை. தூசி வருகிறது, ரவிகுமாரின் ஆடு வருகிறது, அவள் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே பெருக்குகிறாள். அவனுக்குப் பிறகு ஐந்து பேர் மேலே வந்து போய்விட்டார்கள், ஆணியில் இன்னும் பதினொரு மூடி இருக்கிறது.